சங்குமுனை மஞ்சள்

"அந்தப் புள்ள மடியில வச்சிருக்கிற பெட்டிக்குள்ள ஏதோ உசுரோட இருக்கு. ரெண்டு தடவ அதுகிட்ட 'பயப்படாத'ன்னு சொல்லிட்டா."

பின் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னது உங்கள் காதிலும் விழுந்துவிட்டது, இல்லையா அக்கா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தீர்களே. பாம்பு கீம்பு இல்லை. நிம்மதியாக உட்காருங்கள்.

அவர் சொன்னதும் பொய் இல்லை. வேகத்தடையில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் எனக்கு அப்படி வாயில் வந்துவிடுகிறது. உள்ளே ஐஸ் கட்டி. ஐஸுக்கு நடுவில் சுண்டுவிரல் பருமனில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்குள் ஒரு பாக்டீரியா. அதற்குக் காது கிடையாது என்று எனக்குத் தெரியாதா? அதைப் பற்றி எழுதித்தான் போன வாரம் டாக்டர் பட்டம் வாங்கினேன். இல்லை, ஊசி போடுகிற டாக்டர் இல்லை. உங்கள் முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கிடையாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நோயா? ஐயோ, நோயெல்லாம் கொடுக்காது. தயிரை உறைய வைக்கிறது, இட்லி மாவைப் புளிக்க வைக்கிறது, அதெல்லாம் பாக்டீரியாதானே. இது எதையும் உறைய வைக்காது, புளிக்கவும் வைக்காது. தன்பாட்டுக்கு இருக்கும். ஆனால் உலகத்தில் யாரும் இதுவரை பார்க்காதது. நான்தான் முதலில் பார்த்தேன்.

நான் இவ்வளவு பேசுகிறேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பேச்சியம்மாள் என்று பெயர் வைத்தார்களே தவிர, நான் பேசமாட்டேன். எங்கள் ஆய்வு மையத்தில் நான் உள்ளே இருப்பது தெரியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை என்னை வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நானும் தட்டவில்லை. நீங்கள் விளாத்திகுளத்தில் இறங்கிவிடுவீர்கள். இனி நாம் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. அதனால்தான் பேச்சு வருகிறது போல.

எங்கள் மையம் பனங்காட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் வழிகாட்டி வேதமாணிக்கம் சார், எனக்குக் கீழே படிக்கிற அன்பரசு, கண்ணாடிச் சாமான் கழுவுகிற ரோஸ்மேரி அக்கா, நான். இவ்வளவுதான் ஆட்கள். ரோஸ்மேரி அக்காவின் ஊர், பக்கத்தில் இருக்கிற சங்குமுனை என்கிற மீனவர் ஊர். இருபத்தாறு வருஷமாகக் கழுவுகிறார். அவர் கழுவி வைத்த கண்ணாடியில் ஒரு கிருமி இருக்காது. சாருக்கு இந்த வருஷம் ஜூனில் ஓய்வு. அதற்குள் ஒரு புது இனமாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அவரோடு கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த குப்புராஜ் சார் மதுரையில் நாலு இனம் கண்டுபிடித்துவிட்டார். "குப்புராஜ் நாலு போட்டுட்டான்மா" என்பார் சார், காலையில் வணக்கம் சொன்னால் பதிலுக்கு.

எனக்கு அதுகூட இல்லை. எனக்கு மே முப்பத்தொன்று. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு ரத்து. ஐந்து வருஷமும் கடலில் போட்ட மாதிரி. நான் அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பாக்டீரியா எடுத்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டும் ஏற்கெனவே யாரோ பார்த்துப் பெயர் வைத்தவை.

வேலை என்ன என்று கேளுங்கள். கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடிக்க வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே திறந்து தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும், காற்றில் இருப்பது எதுவும் உள்ளே போகக்கூடாது. முழங்கை வரைக்கும் நனையும். பிறகு அதில் ஒரு சொட்டை ஒரு மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் தேய்ப்போம். தட்டில் கடற்பாசிக் கூழ் உறைந்திருக்கும். ஜிகர்தண்டாவில் போடுவார்களே, அதேதான். இரண்டு மூன்று நாளில் அதன்மேல் புள்ளி புள்ளியாக முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம்.

இதில் சுத்தம்தான் முக்கியம். நான் சுத்தத்தில் மிகவும் கவனம் அக்கா. கையுறை போடாமல் எதையும் தொடமாட்டேன். ஆனால் மையத்தில் கையுறை ஒரே அளவுதான் வாங்குவார்கள். சாரின் கை அளவு. என் கைக்கு அது தலையணை உறை மாதிரி தொளதொளவென்று இருக்கும், குனிந்தால் கழன்று தண்ணீரில் போய்விடும். சின்ன அளவு வாங்குங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். அதனால் நானே ஒரு வழி செய்துகொண்டேன். வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டியிருந்தேன், அதை இழுத்துக் கையுறையின் வாய்க்கு மேலே மாட்டிவிடுவேன். சிக்கென்று நிற்கும். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் கழன்றது இல்லை.

காப்பா? அது அம்மா கட்டியது. நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று எங்கள் ஊர்ப் பேச்சியம்மன் கோவிலில் வைத்து, ஒன்பது இழைப் பருத்தி நூலைத் திரித்து மஞ்சள் பூசிக் கட்டினாள். "டாக்டர் ஆகுற வரைக்கும் இத அவுக்கக் கூடாதுட்டி" என்றாள். மாதம் ஒருமுறை நான் ஊருக்குப் போனால் அதன்மேல் புதுசாக மஞ்சள் தேய்த்து, நூல் இற்றுப்போகாமல் இருக்க ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விடுவாள். போன வருஷம் கயிறு ஊறி, பிசுபிசுவென்று ஒரு வாடைகூட வர ஆரம்பித்தது. சரி, அது கிடக்கட்டும். பாக்டீரியாவுக்கு வருகிறேன்.

போன வருஷம் புரட்டாசியில் சங்குமுனையில் உடைந்த தோணித்துறை ஓரமாகத் தண்ணீர் எடுத்தேன். மூன்றாம் நாள் தட்டைத் திறந்தால் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. நல்ல மஞ்சள் அக்கா, கோவிலில் தருவார்களே, அப்படி. பார்த்ததும் எனக்கு என்னவோ ரொம்ப நாள் பழகிய மாதிரி இருந்தது. அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து, உலகத்தில் தெரிந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான், ஆனால் இங்கே பொருத்தம் குறைந்தால்தான் சந்தோஷம். குறைந்தது. நன்றாகவே குறைந்தது. சார் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். மறுபடி எழுந்து நின்றார்.

"பேச்சி," என்றார், "குப்புராஜுக்குப் போன் போடு. வேண்டாம், போடாத."

அடுத்தது குணம் பார்ப்பது. புது இனம் என்றால் அதற்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று எழுதியாக வேண்டும். அங்கேதான் அது எங்களைச் சுற்ற விட்டது. கடல் தண்ணீரின் சூடு இருபத்தெட்டு டிகிரி. இதற்கோ முப்பத்தேழு வேண்டும். மனுஷர் உடம்புச் சூடு. சார் ஒருநாள் முழுக்க யோசித்து, சங்குமுனைக் கடலுக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது என்று முடிவு செய்தார். பிறகு பார்த்தால் அது பருத்தியைத் தின்றது. சோதனைக் குழாயின் வாயில் அடைத்திருந்த பஞ்சையே கரைத்துவிட்டது. கடலில் ஏது பருத்தி? சார் மூன்று நாள் யோசித்தார்.

"கப்பல்," என்றார். "அந்தக் காலத்துல பருத்தி மூட்டை ஏத்துன கப்பல் ஒண்ணு இங்க முழுகியிருக்கு."

அன்பரசு தன் சோதனைக்காக வைத்திருந்த மூலிகைச் சாற்றையெல்லாம் அதன்மேல் விட்டுப் பார்த்தான். வேப்பிலைக்குச் செத்தது. துளசிக்குச் செத்தது. மஞ்சளுக்கு மட்டும் சாகவில்லை. மற்ற பாக்டீரியா எல்லாம் மஞ்சள் என்றால் ஒதுங்கும், இது நன்றாகச் செழித்தது.

"அப்ப கப்பல்ல மஞ்சளும் ஏத்தியிருக்கான்," என்றார் சார்.

எண்ணெய்களில் அதற்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் பிடித்தது.

"பார்த்தியா? தேங்காயெண்ணெயும் ஏத்தியிருக்கான். முழுச் சரக்கும் தெரிஞ்சுபோச்சு!"

தொல்லியல் துறையில் சாருக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் இரண்டு முக்குளிப்பவர்களோடு வந்தார். நாலு நாள் முங்கினார்கள். ஒரு பைக் டயரும் ஓர் ஆட்டுக்கல்லும் கிடைத்தன. ஆட்டுக்கல்லைப் பழங்கால நங்கூரம் என்று வேனில் ஏற்றிக் கொண்டுபோனார். ரோஸ்மேரி அக்கா வேனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் சொன்னார்: "அது எங்க மாமியா ஆட்டுக்கல்லு பிள்ள. கிரைண்டர் வாங்குன அன்னிக்கி என் வீட்டுக்காரருதான் கடல்ல கொண்டு போட்டாரு." சாரிடம் சொல்லலாமா என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெயர் வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது அழகில்லை என்று எங்கள் துறையில் ஒரு வழக்கம். கூட இருப்பவர்கள் வைக்கலாம். சார் என்னைக் கூப்பிட்டு, "பேரு உன் விருப்பம்தாம்மா, கட்டுரைக்கு நீதான் முதல் ஆசிரியர்" என்றார். நான் மூன்று நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், "சார், உங்க பேரை வைக்கலாமா?" என்றேன்.

"ச்சே ச்சே. எனக்கெல்லாம் எதுக்கும்மா? வேண்டாம் வேண்டாம்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சங்குமுனையின் பெயரை வைத்தேன். அன்றிலிருந்து சார் என்னிடம் நாலு நாள் பேசவில்லை. ஓய்வு பெறப்போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷர், கொஞ்சமும் பேராசை இல்லாதவர்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த ஒன்றை வைத்துப் புது இனம் என்று சொன்னால் எப்படி, மறுபடி எடுத்துக் காட்டுங்கள் என்று, பத்திரிகைக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கிற பரிசோதகர் எழுதியிருந்தார். அப்போது தை மாதம். மே முப்பத்தொன்று வந்துகொண்டிருந்தது.

அன்பரசுவை அனுப்பினோம். அவன் சுருட்டை முடியும் தெனாவெட்டுமாகப் போய், அதே தோணித்துறையில் பத்துப் பாட்டில் எடுத்துவந்தான். ஒன்றும் வரவில்லை. சாரே பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். ஒன்றும் வரவில்லை. நான் போனேன். ஆறு பாட்டில் எடுத்தேன். ஆறிலும் மஞ்சள். மறுபடி அன்பரசு போனான். வெறும் தட்டு. மறுபடி நான். மஞ்சள்.

அன்பரசு சொன்னான்: "சார், எதுவும் தேய்க்காத வெறும் தட்டு ஒண்ணையும் கூட வச்சுப் பார்ப்போம். அதுலயும் வந்தா வேற எங்கேருந்தோ வருதுன்னு அர்த்தம்." எங்கள் பாடத்தில் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. வைத்தோம். நான்தான் தட்டைத் திறந்து மூடி வைத்தேன். அதிலும் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது.

சார் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண் கலங்கிவிட்டார். "என்ன ஒரு வீரியம் பாரு! காத்துலயே பரவுது!"

பிறகு என் பக்கம் திரும்பி, முதல்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "பேச்சி, உனக்குக் கைராசிம்மா."

முப்பது வருஷம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவர் அக்கா. அவரே சொன்னால் அதில் ஏதாவது இருக்கத்தானே செய்யும்? அன்று முதல் மையத்தில் நான் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. வருகிற போகிற பேராசிரியர்கள் என் கையால் பாட்டிலைத் தொடச் சொன்னார்கள். இறால் பண்ணைக்காரர் ஒருவர் குட்டையில் என் கையை முக்கச் சொல்லி, முக்கியதும் கும்பிட்டுவிட்டுப் போனார். கேன்டீனில் எனக்கு இரண்டாவது வடை வர ஆரம்பித்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, பிடித்தும் இருந்தது.

ரோஸ்மேரி அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "இந்தக் கயித்த கழத்தி வச்சிட்டு ஒரு தடவ தண்ணி எடுத்துப் பாரு பிள்ள" என்றார். அவர் மாதா கோவிலுக்குப் போகிறவர், நம் காப்பு அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர் கழுத்திலேயே மாதா படம் போட்ட கயிறு கிடக்கிறது. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எதுவானாலும், டாக்டர் ஆகாமல் நான் எப்படிக் கழற்றுவேன்? அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

அவர் சாரிடமும் போனார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"சார், அந்தப் பிள்ள கையில..."

"கைராசி. தெரியும் ரோஸ்மேரி."

"அதில்ல சார், கையில கெடக்குற..."

"தெரியும்னு சொல்றேன்ல? போய்ப் பிளாஸ்க்கக் கழுவுங்க."

சார் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடற்கரை முழுக்க அழைத்துப் போனார். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் பதினேழு இடம். பதினேழிலும் வந்தது. சுவரில் தமிழ்நாட்டு வரைபடம் மாட்டி, கிடைத்த இடத்திலெல்லாம் மஞ்சள் பொட்டு ஒட்டினோம். சித்தி மகள் கல்யாணத்துக்குக் குளச்சல் போனபோது சும்மா ஒரு பாட்டில் எடுத்தேன், அங்கேயும் ஒரு பொட்டு. கோவில் கொடை விழாவுக்கு எங்கள் ஊருக்குப் போனபோது கிணற்றுத் தண்ணீரில் எடுத்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம், கடல் எங்கேயோ கிடக்கிறது. சார் வரைபடத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"அந்தக் காலத்துல கடல் அதுவரைக்கும் வந்திருக்கும்மா."

அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்படியொரு பாசம் வரும். நான் போன இடமெல்லாம் எனக்கு முன்னாலேயே அது போய்க் காத்திருந்திருக்கிறது.

பத்தொன்பது இடத்து விவரத்தோடு மறுபடி அனுப்பினோம். மறுபடி திரும்பி வந்தது. இந்தமுறை ஒரே ஒரு வரி: எல்லாம் ஒருவர் கையால் எடுத்தவை, வேறு ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் தன் கையால் எடுத்துக் காட்ட வேண்டும். சார் படித்துவிட்டு, "இது குப்புராஜ் எழுத்து" என்றார். பரிசோதகர் யாரென்று நமக்குத் தெரியக்கூடாது என்பது விதி. ஆனால் சார் உடனே குப்புராஜ் சாருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"உன் பாக்டீரியா கடல்ல இல்லடா வேதம். உன் லேப்ல இருக்கு."

"ஆம்பளயா இருந்தா நீயே வந்து எடுத்துப் பாருடா."

"வர்றேன். வந்து வரலேன்னா?"

சார் என்னைப் பார்த்தார். "வரலேன்னா அந்தப் பிள்ளையோட அஞ்சு வருஷம் போச்சு," என்றார் மெதுவாக. "நான் என்ன, ஜூன்ல வீட்டுக்குப் போறவன்."

மே பதினொன்று குப்புராஜ் சார் வந்தார். நான் பயந்த மாதிரி இல்லை, குட்டையாக, குண்டாக, வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு இருந்தார். ஆனால் வேலையில் கறார். தன் பாட்டில், தன் பெட்டி, தன் கையுறை. மையத்துச் சாமான் எதையும் தொடமாட்டார். மையத்து ஆட்கள் இருபது அடி தள்ளி நிற்க வேண்டும் என்று தோணித்துறையில் சுண்ணாம்பால் கோடே போட்டுவிட்டார். தண்ணீர்கூடத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் குடித்தார்.

சார் என் காதருகே குனிந்தார். "கோட்ட ஒட்டி நில்லும்மா. ராசி வேலை செய்யணும்ல."

நான் கோட்டை ஒட்டி நின்றேன். பிறகு, ராசி இருபது அடி தாண்டுமோ தாண்டாதோ என்று சந்தேகமாக இருந்ததால் கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. என்னை யாரும் பார்ப்பதில்லை என்றுதான் சொன்னேனே. இன்னும் நாலு அடி வைத்தேன்.

குப்புராஜ் சார் பாட்டிலோடு கடைசிக் கல்லில் குனிந்தார். அந்தக் கல் முழுக்கப் பாசி. ஒரு அலை வந்தது. அவர் இரண்டு காலும் ஒரே நேரத்தில் முன்னால் போய்விட்டன.

நான் அதுவரை எந்த ஆணின் கையையும் தொட்டதில்லை அக்கா. அண்ணன் கையைக்கூட விவரம் தெரிந்தபின் தொட்டதில்லை. எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவர் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தார், நான் கல்லில் படுத்துக் கையை நீட்டினேன். அவர் முதலில் என் விரலைப் பிடித்தார், வழுக்கியது. பிறகு மணிக்கட்டைப் பிடித்தார். என் காப்புக் கயிற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கயிறு அறுந்துவிடும், வாக்கு போய்விடும் என்றுதான் எனக்குப் பயம். அறுந்துபோகவில்லை. அன்பரசுவும் சாரும் வந்து மிச்சத்தை இழுத்தார்கள். ரோஸ்மேரி அக்கா தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் கையுறை இரண்டும் விழுந்தபோதே கடலோடு போய்விட்டன. பாட்டிலும் போய்விட்டது. பெட்டியில் இன்னும் ஒரு பாட்டில்தான் இருந்தது. "இன்னொரு நாள் வாடா," என்றார் சார். "வர மாட்டேன்," என்றார் குப்புராஜ் சார், பல் தந்தியடித்தது, "இப்பவே எடுக்குறேன்." எங்கள் கையுறையை வேண்டாம் என்றார். வெறுங்கையோடு முழங்கை வரை முக்கி ஒரே ஒரு பாட்டில் எடுத்தார். எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பூட்டின்மேல் சாரின் கையெழுத்தும் தன் கையெழுத்தும் போட்டு, ஈரத்தோடு மதுரைக்குக் கார் ஏறினார்.

ஐந்து நாள். நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேன்டீனில் வடையும் ஒன்றாகக் குறைந்தது. ஆறாம் நாள் காலை சாரின் போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார், அப்படியே ஒலிபெருக்கியில் போட்டார்.

"இருக்குடா வேதம்," என்றது குப்புராஜ் சாரின் குரல். "மஞ்சளா. தட்டு முழுக்க. என் தட்டுல, என் லேப்ல, என் கையால. இருக்குடா."

இரண்டு பேரும் போனிலேயே அழுதார்கள். முப்பத்தைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை சரியில்லாதவர்கள். அன்பரசு விசிலடித்தான். ரோஸ்மேரி அக்கா கழுவிக்கொண்டிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

செய்தித்தாளில் வந்தது. 'சங்குமுனை' என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். மறுநாளே சங்குமுனை ஊர்க் கமிட்டிக்காரர்கள் பதினைந்து பேர் மையத்துக்கு வந்துவிட்டார்கள். தலைவர் சந்தியாகு செய்தித்தாளை மேசையில் விரித்தார்.

"எங்க ஊருப் பேருல கிருமியா சார்? நாளைக்கிக் கருவாடு வாங்க வர்றவன் 'இது அந்தக் கிருமி ஊருதான?'ன்னு கேக்க மாட்டானா? பேர மாத்துங்க. இல்லன்னா ஒரு பய கடல்ல பாட்டில முக்க முடியாது."

சார் நெற்றியைத் தேய்த்தார். பெருமூச்சு விட்டார். "ஊர்ப் பேரு வேண்டாம்னா, யாராவது ஒரு மனுஷன் தன் பேரக் குடுக்கணும். கிருமிக்குத் தன் பேரக் குடுக்க யாரு சம்மதிப்பா? அதுவும் ஒரு தியாகம்."

சந்தியாகு செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி, என் பேரயே போடு பேச்சி," என்றார் சார்.

அப்படித்தான் அதற்கு வேதமாணிக்கம் சாரின் பெயர் வந்தது, பின்னால் லத்தீனில் ஒரு வாலோடு. நாங்கள் மட்டும் அதை இன்னும் சங்குமுனை மஞ்சள் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். மே இருபத்தொன்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். போன வாரம் வாய்மொழித் தேர்வு. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். எனக்குப் பதில் எல்லாம் தெரிந்தது, குரல்தான் வரவில்லை. வெளித்தேர்வாளரே 'இதைத்தானே சொல்ல வருகிறாய்?' என்று எடுத்துக் கொடுத்துக் கொடுத்து முடித்துவிட்டார். குப்புராஜ் சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து வந்து தன் ஆய்வகத்தில் எனக்கு வேலை இருக்கிறது என்றார்.

"என்கிட்ட எல்லா மெஷினும் இருக்கும்மா," என்றார். "இந்தக் கைதான் இல்ல."

அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தப் பெட்டி அவருக்கு எங்கள் சாரின் பரிசு. போய்ச் சேர்ந்ததும் அவர் என்னை மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு அனுப்புகிறார். மூன்று வருஷத் திட்டம். என் கை படுகிற இடத்தில் இன்னும் என்னென்ன கிடைக்குமோ என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். எனக்கும் ஆசையாக இருக்கிறது.

விளாத்திகுளம் வரப்போகிறதா? பையை எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நேற்று அம்மா வந்திருந்தாள், என்னை வழியனுப்ப. "உன் பூச்சி கெடச்ச எடத்த நானும் பாக்கணும்ட்டி" என்றாள். இன்று காலையில் ரோஸ்மேரி அக்காதான் எங்களைச் சங்குமுனைக்கு அழைத்துப் போனார். குப்புராஜ் சார் போட்ட சுண்ணாம்புக் கோடு இன்னும் அழியவில்லை. அம்மா என்னைக் கல்லில் உட்கார வைத்து, காப்பை அவிழ்க்கப் பார்த்தாள். ஐந்து வருஷத்து முடிச்சு, வரவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள்.

"கயித்த இங்க குடு தாயி, நான் எரிச்சுப் போட்டுர்றேன்," என்றார் ரோஸ்மேரி அக்கா, அவசரமாகக் கையை நீட்டி.

"சாமி கயித்தயா? என்ன பேச்சு பேசுதிய!" என்றாள் அம்மா. "கழத்துன காப்ப தண்ணியிலதான விடணும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் முதல்முதலில் பாட்டிலை முக்கிய அதே இடத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். கயிற்றை இரண்டு கையாலும் நன்றாகக் கசக்கினாள். மூன்று தடவை அலசினாள். கடலில் விட்டாள்.